குஞ்சு முற்றத்தில் இறங்கும் நாள்

மன்னார்த் தீவின் வடகரையிலே, மன்னார் நகருக்கும் தலைமன்னார் இறங்குதுறைக்கும் நடுவே, வெண்மணற் பரப்பில் பனைகள் அணிவகுத்து நிற்க அமைந்திருக்கும் பேசாலையைப் பற்றி எழுதப் புகுவோர், முதலில் அதன் கடற்றொழிலின் சிறப்பையும், அடுத்து வெற்றி அன்னை ஆலயத்தின் மகிமையையும், தவக்காலத்தில் அவ்வூரார் பக்தி சிரத்தையோடு நடத்திவந்த திருப்பாடுகளின் காட்சியையும் விரித்துரைத்து, அத்துடன் பேனாவைக் கீழே வைத்துவிடுவது வழக்கம். திருப்பாடுகளின் கதையிலே, பேதுரு மும்முறை மறுதலித்தபின் கூவுகின்ற சேவலுக்கு ஓர் இடம் உண்டு. ஊரின் சரித்திரத்திலோ முற்றத்துக் கோழிக்கு எவரும் இடம் ஒதுக்கியதில்லை. வள்ளத்துக்குப் பதிவும் மீனுக்குக் கணக்கும் இருக்க, கோழி மட்டும் பெண்களின் கைக்காசாய், விருந்தாளியின் கறியாய், அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட நேர்த்திக்கடனாய், ஒரு கணக்கிலும் ஏறாமல் தலைமுறை தலைமுறையாகக் காலந்தள்ளி வந்திருக்கிறது.

இந்தக் கணக்கில்லாத ஜீவனின் வாழ்விலே மிகச் சிறியதாகத் தோன்றும் ஒரு காரியத்தையே இங்கு ஆராய எண்ணுகிறேன். பொரித்த குஞ்சு, சூடும் காவலும் உள்ள உள்ளிடத்தை விட்டு, வெயிலும் காற்றும் காகமும் உள்ள வெளியிடத்துக்கு வருகின்ற நாள் ஒன்று உண்டல்லவா? அந்த நாளை நிச்சயிக்கும் அதிகாரம் யாருடையது என்ற கேள்வியை முன்வைத்துப் பார்த்தால், ஆதியில் தாய்க்கோழியிடம் இருந்த அவ்வதிகாரம் யந்திரத்துக்கும், யந்திரத்திலிருந்து அட்டவணைக்கும், அட்டவணையிலிருந்து அரசாங்க உத்தியோகத்தருக்கும் படிப்படியாகக் கைமாறியதைக் காணலாம். கைமாறிய பின்னும் அதிலே ஒரு பகுதி கடைசிவரை எவருக்கும் வசப்படாமல் முற்றத்திலேயே தங்கிவிட்டது என்பதையும் காணலாம்.

முதலில் இடத்தின் இயல்பைச் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய 26 கிலோமீற்றர் நீளமும், அகன்ற இடத்திலும் சில கிலோமீற்றரே அகலமும் கொண்ட மன்னார்த் தீவிலே மலையில்லை, ஆறில்லை, காற்றைத் தடுக்கும் காடும் பெரிதாக இல்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் மணலை வாரி இறைத்துக்கொண்டு வீசும். மார்கழி, தை மாதங்களிலே வாடை பாக்கு நீரிணையின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வடகரை வீடுகளின் வாசலிலேயே வந்து மோதும். மழை என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரைதான். மற்ற மாதங்களில் பகற்பொழுதின் உஷ்ணம் 30 பாகை செல்சியசைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். இத்தகைய சீதோஷ்ணத்திலே குளிரால் குஞ்சு சாகும் என்பது வெளியூரார்க்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் இங்கே குஞ்சுக்கு எமனாவது பகலின் வெப்பநிலை அன்று, இரவின் காற்றும் மாரியின் ஈரமுமே.

வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்காசியக் காடுகளின் செங்காட்டுக்கோழி என்பது அறிஞர் துணிபு. இலங்கைக்கே உரிய காட்டுக்கோழி வன்னிக் காடுகளில் இன்றும் கூவித் திரிந்தாலும், முற்றத்துக் கோழியின் நேர்மூதாதை அதுவன்று. எப்பொழுது, எந்தத் தோணியில் வந்திறங்கியதாயினும், தமிழர் வாழ்ந்த இடமெங்கும் கோழியை அடைவைக்கும் முறை பெரும்பாலும் ஒன்றாகவே இருந்துவந்திருக்கிறது. பேடு முட்டையிட்டு ஓய்ந்து, மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, ஒரே மூலையில் படுத்து, அணுகுவோரைக் கொத்த வருமாயின் அது அடைக்கு வந்துவிட்டது என்று அறிந்து, பழைய கடகத்தில் மணலோ வைக்கோலோ பரப்பி, ஒற்றைப்படை எண்ணிக்கையில் முட்டைகளை அடுக்கி, இடிமுழக்கத்தில் முட்டை கெடாதிருக்க ஓர் இரும்புத் துண்டும் கரியும் கூடவே வைத்து, இருளான மூலையிலே பேட்டை அமர்த்திவிடுவார்கள். 21 நாட்கள் கழியக் குஞ்சுகள் ஓட்டை உடைத்து வரும். வராதவை கூழ்முட்டை என்று கழிக்கப்படும்.

இதன்பின் நடப்பதுதான் நம் விஷயத்துக்கு உயிர்நிலை. பொரித்த மறுநாளே பேடு தன் குஞ்சுகளை வாசலுக்குக் கூட்டிவந்துவிடும். வந்தாலும் அவை முழுமையாக வெளியே வந்துவிட்டன என்று சொல்ல முடியாது. ஐந்து நிமிஷம் கிளறும். காற்று எழுந்தால் சட்டென்று குந்திச் சிறகை விரித்து அனைத்தையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். சூடேறியபின் மீண்டும் எழுந்து நடக்கும். முதல் வாரத்தில் பத்தடி தூரம், இரண்டாம் வாரத்தில் வேலியோரம், மூன்றாம் வாரத்தில் அடுத்த வளவு என்று எல்லையை அது தானே வகுத்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கு இறகு முளைக்க முளைக்க அணைக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போய், இரண்டு மூன்று மாதமானதும், நேற்றுவரை தன் உயிரைக் கொடுத்துக் காத்த அதே குஞ்சைக் கொத்தித் துரத்திவிட்டு, மறுபடியும் முட்டைக்குத் தயாராகிவிடும். ஆகவே தாய்க்கோழியின் ஆட்சியில் குஞ்சை வெளியே விடும் நாள் என்று தனியே ஒரு நாள் இருந்ததில்லை. நாளொன்றுக்குப் பலமுறை விட்டும் வாங்கியும் பழக்கிய ஒரு நீண்ட கல்வியே இருந்தது. கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது என்ற பழமொழியை உண்டாக்கியவர்கள் இந்தக் கல்வியைக் கூர்ந்து கவனித்தவர்களாகவே இருக்க வேண்டும்.

மனிதர் செய்த உதவி சொற்பமே. முதற் சில நாட்கள் தாயையும் குஞ்சுகளையும் கரப்பினால் மூடிவைத்தல், குறுணல் அரிசியைத் தூவுதல், சிரட்டையிலே தண்ணீர் வைத்தல், அந்தியில் மரப்பெட்டிக் கூட்டில் அடைத்தல் ஆகியவற்றோடு அது முடிந்துவிடும். மீன்பிடிக் கிராமத்துக்கென்று பிரத்தியேகமான அபாயம் ஒன்று இருந்ததையும் இங்கே குறிப்பிடவேண்டும். மீன் காயும் இடத்திலே காகமும் பிராந்தும் ஓயாமல் வட்டமிடும் ஆதலால், கருவாட்டுக்கு வந்த பறவை கண்ணெதிரே திரியும் குஞ்சையும் விட்டுவைப்பதில்லை. பிராந்தின் நிழல் மணலில் விழுந்த கணத்திலே பேடு எழுப்பும் தனிக்குரலையும், அக்குரலைக் கேட்ட குஞ்சுகள் அருகிலுள்ள பற்றைக்குள்ளே மறைந்து அசைவற்றுக் கிடப்பதையும், பேடு கழுத்து மயிரை விரித்துக்கொண்டு மேலெழும்பிப் பாய்வதையும் கண்டவர்கள், தாயில்லாக் குஞ்சை வெளியே விடுவது எத்தனை பெரிய பரீட்சை என்பதை உணர்வார்கள்.

தாயில்லாக் குஞ்சு என்பது இயற்கையில் விபத்து. மனிதன் அதை ஒரு தொழிலாக ஆக்கினான். எகிப்து தேசத்திலே பண்டைக்காலந்தொட்டு மண்செங்கல் அடுப்பறைகளில் முட்டைகளைப் பொரிக்கவைக்கும் கலை இருந்துவந்தது; எருக்குவியலின் சூட்டில் அங்கே முட்டை பொரிப்பதை அரிஸ்டாட்டில் குறிப்பிட்டிருக்கிறார். வெப்பமானி இல்லாத அக்காலத்தில், அடுப்புக்காரர் முட்டையை எடுத்துத் தம் கண்ணிமையின்மேல் வைத்துச் சூட்டின் அளவை மதிப்பிட்டனர். ஐரோப்பாவிலே ரெயோமுர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1749 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இக்கலையை ஆராய்ந்ததோடு நில்லாது, பொரித்த குஞ்சுகளுக்கென்று ஆட்டுத்தோலின் ரோமப்பக்கத்தை உள்ளே வைத்துத் தைத்த, சாய்ந்த கூரையுடைய ஒரு பெட்டியையும் அமைத்து, அதற்குச் செயற்கைத் தாய் என்றே பெயரிட்டார். குஞ்சின் முதுகிலே ஏதாவது ஒன்று மென்மையாகப் படவேண்டும் என்பதை அவர் அவதானித்திருந்தார். பிற்காலத்து வெப்பவிளக்குகள் சூட்டைக் கொடுத்தனவேயன்றி அந்த ஸ்பரிசத்தைக் கொடுக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே காரியம் வேகங்கொண்டது. கலிபோர்னியாவின் பெற்றலூமா என்ற ஊரில் 1879 ஆம் ஆண்டளவில் லைமன் பைஸ் என்பவர் உருவாக்கிய பொரிக்கும் யந்திரம் அவ்வூரையே முட்டை வியாபாரத்தின் கேந்திரமாக்கிற்று. 1892 ஆம் ஆண்டிலே நியூ ஜேர்சியைச் சேர்ந்த ஜோசப் வில்சன், ஒருநாள் வயதுக் குஞ்சுகளைப் பெட்டியிலடைத்து இரயில் மூலம் சிக்காகோவுக்கு அனுப்பி, அவை உயிரோடு போய்ச் சேரும் என்று நிரூபித்தார். பொரிக்கும் தறுவாயில் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் மஞ்சட்கரு இரண்டு மூன்று நாள் வரை அதற்கு ஆகாரமும் நீருமாக உதவுகிறது என்ற இயற்கை ஏற்பாடே இந்த வியாபாரம் முழுமைக்கும் அஸ்திவாரம். முதலிற் பொரித்த குஞ்சு, கடைசி முட்டை பொரியும்வரை தாயின் சிறகடியிற் பட்டினியாகக் காத்திருப்பதற்கென்று அமைந்த அவகாசத்தை, மனிதன் பிரயாண அவகாசமாக மாற்றிக்கொண்டான்.

அத்தோடு கோழியின் குணமும் மாற்றப்பட்டது. அடைகாக்கும் பேடு அந்நாட்களில் முட்டையிடுவதில்லை. எனவே அடைக்கு வராத பேடுகளையே தேர்ந்து பெருக்கியதன் பயனாக, வெள்ளை லெகோன் முதலிய சாதிகளில் அடைகாக்கும் உணர்வே ஏறக்குறைய மறைந்துபோயிற்று. வருஷத்துக்கு 40 அல்லது 50 முட்டை இட்டுக்கொண்டு குஞ்சையும் வளர்த்த ஊர்க்கோழியின் இடத்திலே, 250 முட்டைக்கு மேல் இட்டும் ஒரு குஞ்சையேனும் வளர்க்க அறியாத கோழி வந்து அமர்ந்தது. பொரித்தலை யந்திரம் ஏற்றது. அணைத்தலை விளக்கு ஏற்றது. வெளியே அழைத்துச் செல்லும் காரியத்தை மட்டும் ஏற்க எந்தக் கருவியும் இல்லாமையால், மனிதனே அதைத் தன் தலையில் சுமந்துகொள்ள நேர்ந்தது.

இலங்கையிலே 1977 ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னர் தனியார் பொரிப்பகங்களும் இறைச்சிக்கோழிப் பண்ணைகளும் பெருகின. அவை பெரும்பாலும் கம்பஹா, குருநாகல், புத்தளம் ஆகிய மாவட்டங்களிலேயே குவிந்தன. மன்னாருக்கு ஒருநாள் குஞ்சு வரவேண்டுமானால், நான்கு அறைகளாகப் பிரித்து அறைக்கு 25 வீதம் 100 குஞ்சுகள் அடைத்த, காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியிலே தெற்கிலிருந்து நெடும்பிரயாணம் செய்தே வரவேண்டும். வந்த குஞ்சுக்குத் தாயில்லை; பலகைப் பெட்டியோ தகரத்தை வளைத்த வட்டமோ அதன் வீடு; உமியோ மரத்தூளோ அதன் படுக்கை; மேலே தொங்கும் மின்குமிழே அதன் சூரியன்.

இந்தப் பெட்டியை ஆளும் விதிகள் எல்லா நாட்டுக் கைந்நூல்களிலும் ஒன்றுபோலவே அச்சாகியிருக்கின்றன. முதல் வாரம் 35 பாகை செல்சியஸ். பின்னர் வாரந்தோறும் ஏறக்குறைய மூன்று பாகை குறைத்து, 21 பாகை அளவுக்கு இறங்கியதும் விளக்கை நீக்கி, ஐந்தாறு வாரத்தில் வெளிக்கூட்டுக்கு மாற்றலாம் என்பது அவற்றின் சாரம். விதி பிழையானதன்று. பொரித்த குஞ்சின் மேல் இருப்பது சூட்டைக் காக்கும் இறகன்று, வெறும் பூந்துய்; தன் உடற்சூட்டைத் தானே நிலைநிறுத்தும் வல்லமை அதற்கு முதல் வாரங்களிற் படிப்படியாகவே வாய்க்கிறது. ஆயினும் இவ்வட்டவணை பிறந்தது, வசந்தகாலத்திலும் வெளியே உறைபனி காணும் தேசங்களில் என்பதை மறந்துவிடலாகாது. பேசாலையிலே சித்திரை மாதத்து நண்பகலில் குமிழை ஏற்றிவைத்தால் குஞ்சு வாயைப் பிளந்து, சிறகை உடலினின்று விலக்கி, பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இளைக்கும். அதே குஞ்சுகள் அதே நாளின் பின்னிரவிலே ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து, அடியிலிருப்பது மூச்சுமுட்டிச் சாகும். எனவே வெப்பமானியைவிடக் குஞ்சுகள் கிடக்கும் நிலையையும், அவை எழுப்பும் ஒலியையும் பார்த்தே சூட்டை அறியவேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இக்கரைக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். பரவலாகக் கிடந்து மெல்லக் கீச்சிட்டால் நலம்; உரத்த ஓலமானால் குளிர்; ஒரே பக்கமாக ஒதுங்கிக் கிடந்தால் எங்கோ ஓர் இடுக்கு வழியே காற்று நுழைகிறது என்று பொருள்.

ஆகவே இங்கே மாற்றும் நாள் வயதைக் கொண்டு மட்டும் நிச்சயிக்கப்படுவதில்லை. கோடையிலே மூன்று நான்கு வாரத்தில், முதுகிலும் நெஞ்சிலும் இறகு மூடியதும், குஞ்சை வெளியே பழக்கத் தொடங்கலாம். மாரியில் ஆறு வாரமானாலும் அவசரப்படலாகாது. முதலில் காலை வெயில் ஏறியபின் இரண்டொரு மணி நேரம் கரப்பின்கீழோ வலையடைப்பினுள்ளோ விட்டு, வெயில் சாயுமுன் உள்ளே எடுத்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, இரவில் விளக்கின்றி இரண்டு மூன்று நாள் பெட்டியிலேயே இருந்து பழகியபின், காற்றடங்கிய ஒரு மாலையிலே கூட்டில் அடைப்பதுதான் சிறந்த முறை. அம்முறையைச் சற்று உற்று நோக்கினால், தாய்க்கோழி விட்டும் வாங்கியும் நடத்திய பழைய கல்வியையே மனிதர் தம் கைகளால் மறுபடியும் நடத்துகிறார்கள் என்பது விளங்கும்.

வெளிக்கூட்டின் சரித்திரத்திலும் கடலின் கை இருக்கிறது. பருத்தி நூலிலும் சணலிலும் வலை பின்னிய காலத்திலே, கடலுக்கு உதவாத வலை கரையிலும் விரைவில் உக்கிப்போகும். 1950களிலும் 60களிலும் நைலோன் வலை பரவியபின்னரோ, தொழிலுக்குக் கழிந்த வலை அழியாமல் எஞ்சி, வீட்டு வேலியாகவும் கோழியடைப்பின் கூரையாகவும் மறுபிறவி எடுத்தது. காகமும் பிராந்தும் மேலிருந்து வரும் ஊரிலே மேற்கூரையாக விரித்த பழைய வலை, தாயில்லாக் குஞ்சுக்குப் பேட்டின் குரலுக்கு ஈடாக அமைந்தது எனலாம். கீரியும் பாம்பும் எட்டாதபடி கால்நாட்டி உயர்த்திய கூடும், வாடைக்கு முதுகுகாட்டி வைத்த வாசலும், பனையோலையால் அடைத்த காற்றுப்பக்கமும் சேர்ந்துவிட்டால் அமைப்பு பூரணமாகும்.

நிலமும் உதவிற்று. ஈரத்தரையிலே பெருகும் கிருமியால் இளங்குஞ்சுக்கு இரத்தக்கழிச்சல் காண்பது பொது. தண்ணீர் நில்லாத பேசாலை மணலோ வருஷத்தில் முக்காற்பங்கு காலம் உலர்ந்தே கிடக்கும். அதற்கு மாறாக, 1926, 27 ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இமயமலைச்சாரலின் ராணிகேத்திலும் அடுத்தடுத்து இனங்காணப்பட்டு, பின்னிரண்டு ஊர்களின் பெயரையே பெற்றுவிட்ட வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு மணலென்றும் சேறென்றும் பேதமில்லை. அது வந்தால் ஒரு கிழமைக்குள் ஊரின் கூடுகளையே வெறுமையாக்கிவிடும். தடுப்பு மருந்து இடாத குஞ்சை ஊர்க்கோழிகளோடு சேரவிடலாகாது என்ற புது விதி, முற்றத்தில் இறங்கும் நாளோடு இவ்வாறு வந்து சேர்ந்தது.

இவையெல்லாம் ஊர் ஊராக இருந்த காலத்துக் காரியங்கள். 1914 முதல் தலைமன்னாருக்கு ஓடிய புகையிரதம் 1990 ஆம் ஆண்டு உள்நாட்டு யுத்தத்திலே நின்றுபோயிற்று; அதே ஆண்டில் அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகரகம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. இந்தியாவுக்குத் தோணியேறக் காத்திருந்தவர்களும், ஏறமுடியாமல் தங்கியவர்களும், போய்த் திரும்பியவர்களும் நிறைந்த கரையாக அவ்வூர் நெடுங்காலம் இருந்தது. இடம்பெயர்வோர் நகையையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம். அடையிலிருக்கும் பேட்டை எடுத்துக்கொண்டு போவது எங்ஙனம்? அழிந்துபோன சம்பத்துக்களின் பட்டியலில் வீடும் வள்ளமும் வலையும் எழுதப்பட்டன. அடைக்குப் படுக்கும் பேடும், அதோடு தலைமுறையாய் வந்த வித்தும் எழுதப்படவில்லை.

2009 ஆம் ஆண்டு யுத்தம் முடிந்து, வாழ்வாதார உதவி என்ற பெயரால் வட மாகாணமெங்கும் கோழி வழங்கத் தொடங்கியபோதுதான் அந்த இழப்பின் தன்மை புலனாயிற்று. ஒருநாள் குஞ்சைக் கொடுத்தால், மின்சாரமும் தீனியும் காவலும் நிச்சயமில்லாத மீள்குடியேற்ற வீட்டிலே அது நிலைப்பது அரிது. ஆதலால் விளக்கின்கீழ் வளர்த்து, இறகு முளைத்து, தடுப்பு மருந்தும் பெற்ற ஒரு மாத வயதுக் குஞ்சுகளை வழங்கும் ஏற்பாடு கால்நடைத் திணைக்களத்தின் வழியாகவும் தொண்டு ஸ்தாபனங்களின் வழியாகவும் பரவிற்று. உள்ளிருக்கும் மாதத்தைக் குஞ்சு வளர்க்கும் நிலையங்கள் ஏற்க, வெளியே வாழும் காலம் வீட்டாருக்கு விடப்பட்டது. தாய்க்கோழியின் ஒரே கடமை இவ்வாறு யந்திரம், நிலையம், வீடு என்று மூன்று கூறாகிவிட்டது. ஆனால் மாதக்குஞ்சுக்கும் புது இடத்தின் முதல் இரவு ஒரு சோதனையே. பெட்டியிலிருந்து நேரே மணலில் கொட்டாமல், இரண்டு மூன்று நாள் கூட்டிலேயே அடைத்துவைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுத்து, இதுதான் வீடு என்று பழக்கியபின் திறந்துவிட்ட வீடுகளிலே குஞ்சு அந்திக்குத் தானே திரும்பி வரும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை கூறாமல் இவ்வரலாறு நிறைவுறாது. குஞ்சுக்குப் பகையென்று ஓலை கட்டி மறைத்த அந்தக் காற்றையே நம்பி, மன்னார்த் தீவின் தென்கரையிலே 30 காற்றாடிகளோடு தம்பபவனி என்னும் மின்னுற்பத்தி நிலையம் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. 103.5 மெகாவாற் வலுவுடைய அந்நிலையம் தீவில் இருந்தும், 2022 மார்ச் இறுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, குமிழையே தாயாக நம்பிய குஞ்சுப்பெட்டிகள் எல்லா ஊரிலும் ஒருங்கே இருண்டன. தீனியும் விலையேறித் தட்டுப்பட்ட அந்த மாதங்களிலே, மின்கட்டணமும் தீனிமூட்டையும் கேளாமல், கிளறித் தின்று, தன் சூட்டிலேயே பொரித்து, தானே வெளியே அழைத்துப்போகும் ஊர்ப்பேட்டின் மதிப்பைப் புதிதாக எவரும் எடுத்துரைக்கத் தேவை இருக்கவில்லை.

இதனால் யந்திரத்தை இகழ்ந்து பேடே போதும் என்று வாதிப்பது என் கருத்தன்று. நூறு குஞ்சுகளை ஒரே வேளையில் வளர்க்கப் பத்துப் பேடுகளும் பத்து மூலைகளும் வேண்டும். சந்தைக்கென வளர்ப்பவருக்கு அது இயலாது. சொல்லவேண்டியது இவ்வளவே. பேட்டின் தொழிலிலே சூட்டை அளந்து குமிழுக்குக் கொடுக்கலாம், நாளை எண்ணி யந்திரத்துக்குக் கொடுக்கலாம், நோயை ஆராய்ந்து மருந்துக்குக் கொடுக்கலாம்; இன்றைய காற்றுக்கு இந்தக் குஞ்சு தாங்குமா என்ற தீர்மானத்தை மட்டும் எந்த அட்டவணையும் முன்கூட்டிச் செய்துவிட முடியாது. கடலுக்குப் போகலாமா என்று வானத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும் கண் அந்தக் கரையில் ஆண்களுக்கு எவ்வாறு கைவந்ததோ, அவ்வாறே கூட்டைத் திறக்கலாமா என்று தீர்மானிக்கும் கண் பெண்களுக்குக் கைவந்திருக்கிறது. முன்னதைத் தொழிலறிவு என்று போற்றி எழுதிவைத்தோம். பின்னதையும் அப்பெயராலேயே அழைத்து எழுதிவைப்பதுதான் நியாயம்.